சனிக்கிழமைச் சாவி: லேக் டிஸ்ட்ரிக்ட் விடுமுறை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஆகஸ்ட் மாதத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை மூன்று இரவு தங்க லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு வீடு தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது, சனி முதல் சனி வரை ஏழு இரவாக எடுத்தால்தான் உண்டு என்று வரும். அதே வீட்டுக்கு ஜனவரியில் தேதி போட்டால் மூன்று இரவு தாராளமாகக் கிடைக்கும். வாடகையும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். இதற்கிடையில் செய்திகள் வேறு குழப்புகின்றன. விடுமுறை வீடுகளுக்கான வரிச் சலுகை போய்விட்டது, இரண்டாம் வீட்டுக்கு கவுன்சில் வரி இரட்டிப்பாகிவிட்டது, எல்லா வீடுகளையும் பதிவு செய்யச் சொல்லப்போகிறார்கள், புதிய வாடகைச் சட்டம் வந்துவிட்டது.

இவையெல்லாம் தனித்தனி சங்கதிகள் போலத்தான் தெரியும். ஆனால் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் ஒரே முடிச்சில்தான் போய் நிற்கும்: அந்த வீடு வருடத்தில் எத்தனை இரவு வாடகைக்குப் போகிறது? விலையைத் தீர்மானிப்பது அந்த எண்தான். எந்த வரி கட்ட வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது. ஊருக்குள் நடக்கும் சண்டையும் அதைப் பற்றியதுதான்.

இடமும் வீடும்

லேக் டிஸ்ட்ரிக்ட் இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியாவில் இருக்கிறது. 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 2,362 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) இங்கேதான். மிகப் பெரிய இயற்கை ஏரியான விண்டர்மியரும் (நீளம் சுமார் 17 கிலோமீட்டர்) இங்கேதான். 'மியர்' என்றாலே ஏரி என்பதால் 'லேக் விண்டர்மியர்' என்பது நம் 'நடுசென்டர்' மாதிரியான பிரயோகம். பெயரிலேயே 'லேக்' என்ற சொல்லை வைத்திருப்பது பாசன்த்வெயிட் ஒன்றுதான். மற்ற பெரிய ஏரிகளெல்லாம் 'மியர்' அல்லது 'வாட்டர்'. மலை மேலிருக்கும் சின்னக் குளங்கள் 'டார்ன்'.

தேசியப் பூங்கா என்றதும் ஆளில்லாத காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்கோ அறக்கட்டளைகளுக்கோ சொந்தம். ஆட்டுப் பண்ணைகள், பள்ளிகள், கடைத்தெருக்கள் எல்லாம் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. சுமார் 40,000 பேர் நிரந்தரமாக வசிக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: புதிதாக ஒரு வீடு கட்டவோ ஒரு களஞ்சியத்தை வீடாக மாற்றவோ பூங்கா ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும், அது எளிதில் கிடைக்காது. ஆக, வீடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய உறைந்து நிற்கிறது. தங்க வருபவர்கள் கூடக் கூட, இருக்கிற வீடுகளுக்குள்ளேயே பங்கு பிரித்தாக வேண்டும்.

இந்த இழுபறி புதிதல்ல. 1847இல் விண்டர்மியர் வரை ரயில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, வெளியூர்க் கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிடும் என்று கவிஞர் வேர்ட்ஸ்வர்த் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்.

'செல்ஃப் கேட்டரிங்' என்றால் முழு வீடும் உங்கள் கையில் என்று பொருள். சமையலறை உண்டு, சமைத்துப்போட ஆள் இல்லை. காலை உணவு, வரவேற்பு மேசை, அறையைத் தினமும் கூட்டுபவர் எதுவும் கிடையாது. வாசலில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. எண்ணை அழுத்தினால் உள்ளே சாவி. 'காட்டேஜ்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனி வரையறை இல்லை. பழைய பண்ணைத் தொழிலாளியின் கல்வீடும் காட்டேஜ்தான், விண்டர்மியர் கரையிலுள்ள போனெஸ் என்ற ஊருக்குள் இரண்டாம் மாடி ஃப்ளாட்டும் விளம்பரத்தில் காட்டேஜ்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த வீடுகளில் விடுமுறைக்குத் தங்குபவர்களுக்குப் பொருந்தாது. விடுமுறைக்காகத் தங்கும் உரிமை 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் குடித்தன வரையறையிலிருந்தே விலக்கப்பட்டிருக்கிறது. ஒரு வாரம் வந்து போகிறவர் விருந்தினர், குடித்தனக்காரர் அல்ல. நீங்கள் கொடுக்கும் சேதத்துக்கான முன்வைப்புத் தொகையும், மாத வாடகை வீடுகளுக்கு உள்ளது போன்ற அரசுப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வராது.

ஆறு மணி நேரம்

சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும். மாலை 4 மணிக்கு அடுத்த குடும்பம் வந்து இறங்கும். இடைப்பட்ட இந்த ஆறு மணி நேரத்தில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

எட்டுப் பேர் தங்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். படுக்கை விரிப்பும் துண்டும் உருவி மூட்டை கட்டி, புதியது விரிக்க வேண்டும். அடுப்பின் உள்தட்டில் கருகியதைச் சுரண்ட வேண்டும். விறகடுப்பின் சாம்பலை அள்ளி, கண்ணாடிக் கதவின் கரியைத் துடைக்க வேண்டும். சோபா இடுக்கில் நாய் முடி. ஃப்ரிட்ஜில் யாரோ விட்டுப்போன பாதிப் பால் டப்பா. கரண்டியும் தம்ளரும் எண்ணிக்கைப்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டுப் பேர் வீட்டில் ஏழு முள்கரண்டி இருந்தால் அன்று இரவே போன் வரும்.

தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டி இருந்தால் தனி வேலை. ஒரு கூட்டம் போனதும் தண்ணீரை முழுக்க வடித்து, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மருந்து கலந்து அளவு பார்க்க வேண்டும். லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க்கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆயிரம் லிட்டருக்கு மேல் குளிர்ந்த நீர் சூடேறப் பல மணி நேரம் ஆகும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் பதிவு செய்தவர்கள் முதல் நாள் மாலை தொட்டி வெதுவெதுப்பாகக்கூட இல்லையே என்று குறைபடுவதன் காரணம் இதுதான். உரிமையாளரின் அலட்சியம் என்று சொல்ல முடியாது.

இனி அந்தச் செவ்வாய்–வெள்ளி கேள்விக்கு வருவோம்.

1. ஒரு வாரத்தை ஏழு கண்ணிகள் உள்ள சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை மூன்று இரவை ஒருவருக்குக் கொடுத்தால், முன்னால் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று இரவும் பின்னால் வெள்ளி என ஒரே ஓர் இரவும் மிஞ்சும்.
2. அந்த வெள்ளி இரவை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் சலவைக்கும் சுத்தத்துக்குமே வாடகை போய்விடும்.
3. ஆகவே குறுகிய தங்கல் கொடுக்கிறவர்கள் வாரத்தை இரண்டே துண்டாகத்தான் வெட்டுவார்கள்: வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு. கூட்டினால் ஏழு, எதுவும் மிஞ்சாது.
4. வாரத்தை இரண்டாக வெட்டினால் சுத்தம் செய்யும் செலவும் இரண்டு. அதனால்தான் மூன்று இரவுக்கான வாடகை ஏழில் மூன்று பங்காக இல்லாமல், வார வாடகையின் பாதியைத் தாண்டி நிற்கிறது.

ஓர் ஊரில் எல்லா வீட்டுக்கும் சனிக்கிழமையே ஆள் மாறும் நாளாக இருந்தால் சுத்தம் செய்பவர்கள் போதமாட்டார்கள். அதனால் சிலர் வெள்ளிக்கும் திங்களுக்கும் மாறியிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் நெடுஞ்சாலையிலிருந்து கெண்டல் வழியாக வரும் சாலையில் ஊர்ந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை வீட்டின் அருமை தெரியும்.

சுத்தக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் சேர்க்கும் பழைய வித்தைக்கு இப்போது தடை இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 முதல் அமலில் உள்ள நுகர்வோர் சட்டப்படி, தவிர்க்க முடியாத எந்தக் கட்டணமும் முதலில் காட்டும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். நாய்க்கான கட்டணம், தொட்டில் வாடகை போன்ற விருப்பச் செலவுகளை மட்டும் தனியே காட்டலாம்.

52 வாரங்களும் ஒன்றல்ல

இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கோடையில் ஏறக்குறைய ஆறு வாரம், ஈஸ்டருக்கு இரண்டு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு, பருவ நடுவில் மூன்று முறை ஒவ்வொரு வாரம் என விடுமுறை. மொத்தம் 13 வாரம், அதாவது 91 இரவு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கணக்கில் மறுபடி வரும்.

பள்ளி நாளில் பிள்ளையை அனுமதியின்றி அழைத்துப்போனால் அபராதம் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், அதன் பிறகு 160 பவுண்ட். ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக. ஆகவே பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் அந்த 13 வாரத்துக்குள்ளேயே முட்டி மோதுகின்றன. வாடகை ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிள்ளைகள் பள்ளியில் இல்லாதவர்களுக்கு ஜூன் மாதத்தின் நடுப்பகுதி நல்ல வாய்ப்பு. ஆங்கிலேயப் பள்ளிகள் இன்னும் மூடியிருக்காது, இரவு 9.30 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மழையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பது வீண். போரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் இடங்களில் மிக ஈரமான இடமாக அதைத்தான் சொல்கிறார்கள். எந்த மாதம் போனாலும் நனையத் தயாராகப் போவதே முறை.

70, 140: வரியின் எண்கள்

இங்கிலாந்தில் வீட்டின் மேல் இரண்டு வகை உள்ளூர் வரி இருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி. தொழில் நடக்கும் கட்டடத்துக்கு பிசினஸ் ரேட்ஸ் என்ற வணிகக் கட்டட வரி. விடுமுறை வீடு வீடா, தொழிலா? எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் பணம் இருக்கிறது.

வணிகப் பக்கம் விழுந்தால் ஓர் ஓட்டை உண்டு. சிறு வணிகச் சலுகைப்படி, ஆண்டு வாடகை மதிப்பு 12,000 பவுண்டுக்கு மேல் போகாத கட்டடத்துக்கு, அது ஒன்றுதான் அந்த உரிமையாளரின் வணிகக் கட்டடம் என்றால், வரி பூஜ்யம். இரண்டு படுக்கையறை காட்டேஜ்கள் நிறைய இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். கவுன்சில் வரியும் இல்லை, வணிக வரியும் இல்லை. பக்கத்து வீட்டில் வருடம் முழுக்கக் குடியிருக்கும் பஸ் டிரைவர் மட்டும் முழு வரி கட்டுவார்.

முன்பு 'வருடத்தில் 140 நாள் வாடகைக்குத் தயாராக இருக்கிறது' என்று சொன்னாலே வணிகப் பக்கம் போய்விடலாம். உண்மையில் ஒருவரும் தங்காவிட்டாலும் சரி. 2023 ஏப்ரல் முதல் விதி இறுகியது:

1. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 140 இரவு வாடகைக்குத் திறந்திருக்க வேண்டும். அடுத்த 12 மாதத்துக்கும் அந்த எண்ணம் இருக்க வேண்டும்.
2. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 70 இரவு உண்மையிலேயே வாடகைக்குப் போயிருக்க வேண்டும். லாப நோக்கமில்லாமல் உறவினருக்குக் கொடுத்த இரவுகள் கணக்கில் சேராது.
3. இரண்டில் ஒன்று தவறினாலும் வீடு கவுன்சில் வரிக்குத் திரும்பும்.

திரும்புவதன் வலி 2025 ஏப்ரலில் கூடியது. யாரும் நிரந்தரமாக வசிக்காத, அறைகலன்களோடு இருக்கும் இரண்டாம் வீட்டுக்கு நூறு சதவீதம் வரை கூடுதல் வரி போடக் கவுன்சில்களுக்கு அதிகாரம் வந்தது. கம்பிரியாவின் கம்பர்லேண்ட் கவுன்சிலும் வெஸ்ட்மோர்லேண்ட் அண்ட் ஃபர்னெஸ் கவுன்சிலும் அதைப் பயன்படுத்திக்கொண்டன. 70 இரவு தேறினால் வரி பூஜ்யமாகலாம்; 69 என்றால் இரட்டை வரி. பிப்ரவரியில் காலியாகக் கிடக்கும் வாரத்தைச் சில உரிமையாளர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதில் இந்த ஓர் இரவு வித்தியாசத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் 70 என்பது கடினமான எண்ணா? பள்ளி விடுமுறை மட்டுமே 91 இரவு. விண்டர்மியரிலோ கெசிக்கிலோ உருப்படியாக நடத்தப்படும் ஒரு வீடு, பள்ளி விடுமுறைகளை மட்டும் வைத்தே இந்த வரம்பைத் தாண்டிவிடும். தொழில் செய்வதாகப் பேர்பண்ணிக்கொண்டு வருடத்துக்கு நான்கு வாரம் தாங்கள் மட்டும் வந்து போகிறவர்களைத்தான் இந்த விதி பிடிக்கும். அந்த அளவில் நியாயமான விதிதான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. வேல்ஸில் இதே எண் 182 என்று வைத்தார்கள். அங்கே எழுந்த கூச்சல் இங்கே எழாததன் காரணம் அந்த இடைவெளிதான்.

சலுகை போனதில் எவ்வளவு போனது

உள்ளூர் வரிக்கு மேல் வருமான வரி. 1984 முதல் விடுமுறை வீடுகளுக்கு ஒரு தனி ஏற்பாடு இருந்தது. வருடத்தில் 210 நாள் திறந்திருந்து 105 நாள் வாடகைக்குப் போனால், அந்த வீட்டு வருமானத்தைத் தொழில் வருமானம் போலவே நடத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 முதல் அது நீங்கிவிட்டது. இப்போது மாத வாடகைக்கு விடும் வீட்டுக்கு என்ன விதியோ அதுவே இதற்கும்.

மிகவும் கடித்தது கடன் வட்டி விஷயம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 சதவீத வரி கட்டும் ஒருவருக்கு, மற்ற செலவு போக 20,000 பவுண்ட் மிச்சம். வீட்டுக் கடன் வட்டி 12,000 பவுண்ட்.

1. பழைய முறை: வட்டியை முழுக்கக் கழிக்கலாம். மீதி 8,000க்கு 40 சதவீதம், வரி 3,200 பவுண்ட்.
2. புதிய முறை: வட்டியைக் கழிக்க முடியாது. 20,000க்கு 40 சதவீதம், அதாவது 8,000. அதிலிருந்து வட்டியின் 20 சதவீதமான 2,400 மட்டும் தள்ளுபடி. வரி 5,600 பவுண்ட்.
3. கையில் உண்மையாக நிற்கும் 8,000 பவுண்டில் முன்பு 4,800 மிஞ்சியது, இப்போது 2,400.

கடன் இல்லாமல் வீட்டை வைத்திருப்பவருக்கு இந்த அடி படாது. பரம்பரையாக வந்த வீடுகளின் உரிமையாளர்கள் அசையாமல் இருக்க, கடன் வாங்கிச் சமீபத்தில் இறங்கியவர்கள்தான் விற்பனைப் பலகை வைக்கிறார்கள். விற்கும்போது கிடைத்த மூலதன ஆதாயச் சலுகையும் போய்விட்டது. புதிதாக வாங்க வருகிறவருக்கோ கூடுதல் வீட்டுக்கான முத்திரை வரி 2024 அக்டோபர் 31இலிருந்து 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது.

விற்றால் யார் வாங்குவது?

உள்ளூர் இளைஞருக்கு வீடு கிடைக்கும் என்பதுதான் இந்த மாற்றங்களுக்குச் சொல்லப்படும் காரணம். சங்கிலியின் கடைசிக் கண்ணி அவ்வளவு உறுதியாக இல்லை என்பதே என் எண்ணம்.

ஒன்று, ஏரியைப் பார்த்த வீட்டின் விலை உள்ளூர்ச் சம்பளத்தோடு போட்டி போடவில்லை. லண்டன், மான்செஸ்டர் பணத்தோடு போட்டி போடுகிறது. விடுமுறைக்கு விடுகிறவர் விற்றால், விடுமுறைக்குத் தான் மட்டும் வருகிறவர் வாங்கலாம். அப்போது சுத்தம் செய்பவருக்கு வேலை போய், கடைக்கு வியாபாரமும் குறைந்து, வீடு மட்டும் இருட்டாகவே நிற்கும். இரண்டு, களஞ்சியத்தை மாற்றிக் கட்டிய பல வீடுகளுக்கு 'விடுமுறைத் தங்கலுக்கு மட்டும்' என்ற திட்ட அனுமதி நிபந்தனை உண்டு. அவற்றில் யாரும் நிரந்தரமாகக் குடியேறவே முடியாது. அவற்றுக்கு அந்த இரட்டைக் கவுன்சில் வரியிலிருந்து விலக்கும் இருக்கிறது.

கையில் இருக்கும் கருவிகளில் வலுவானது வேறு. பூங்கா எல்லைக்குள் புதிய வீடுகளுக்கு அனுமதி தரும்போது, உள்ளூரில் வேலையோ வேரோ உள்ளவர்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆணையம் நிபந்தனை போடுகிறது. அத்தகைய வீட்டை வெளியூர்ப் பணத்தால் வாங்க முடியாது என்பதால் விலையும் அடங்கி நிற்கும். ஆனால் அது புது வீடுகளுக்குத்தான். அவை எண்ணிக்கையில் குறைவு.

விடுமுறை வீடுகள் இல்லாவிட்டால் ஊர் தழைக்கும் என்று சொல்வதும் பாதி உண்மைதான். குளிர்காலத்திலும் பள்ளத்தாக்கின் கோடி வரை பஸ் ஓடுவதும், கிராமத்து மதுக்கடை திறந்திருப்பதும் வந்து போகிறவர்களின் பணத்தில். அந்த மதுக்கடையில் பரிமாறுகிறவர் தங்க அந்த ஊரில் வீடு இல்லாமல் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறார் என்பதுதான் சிக்கல்.

பணம் கொடுத்த பிறகு உங்கள் நிலை

விளம்பரம் ஏஜென்சியின் பெயரில் இருக்கும். பணமும் அவர்களுக்கே போகும். ஆனால் நிபந்தனைப் பக்கத்தில் 'நாங்கள் உரிமையாளரின் முகவர் மட்டுமே' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஒப்பந்தம் முகம் தெரியாத அந்த உரிமையாளரோடு என்பதே அதன் பொருள். இதிலிருந்து கிளைப்பவை:

1. மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் இணைய வணிக உரிமை இங்கே கிடையாது. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடங்களுக்கு 2013ஆம் ஆண்டு விதிகளே விலக்கு அளித்திருக்கின்றன.
2. வீடு மட்டும் எடுத்தால் அது 'பேக்கேஜ்' ஆகாது. பயணமும் தங்குமிடமும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்கினால் கிடைக்கும் 2018ஆம் ஆண்டு விதிகளின் பாதுகாப்பு இதற்கு இல்லை.
3. கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை வங்கியும் கூட்டுப் பொறுப்பு என்பது 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. ஆனால் பணம் வாங்கியவர் ஏஜென்சி, வீடு தருபவர் வேறொருவர் என்றால் சங்கிலி அறுந்துவிட்டது என்று வங்கி வாதிடலாம். அப்போது கார்டு நிறுவனத்தின் பணத்திருப்பல் முறைதான் மிச்சம். எதற்கும் நேரடி வங்கிப் பரிமாற்றத்தை விடக் கார்டு மேல்.
4. நீங்கள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வோம் என்ற நிபந்தனை எழுதியிருப்பதாலேயே செல்லுபடியாகிவிடாது. அதே வாரத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டு உங்கள் பணத்தையும் வைத்துக்கொள்வது, 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நியாயமற்ற நிபந்தனை என்று வாதிட இடம் உண்டு.

எந்தச் சூழலில் பணம் திரும்பாது என்பதற்கு ஓர் உதாரணம். 2015 டிசம்பர் 5ஆம் தேதி டெஸ்மண்ட் புயலில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பிரிட்டனில் அதுவே சாதனை. கிராஸ்மியரையும் கெசிக்கையும் இணைக்கும் ஏ591 சாலையின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி திறக்க அடுத்த மே மாதம் ஆனது. இப்படி ஒரு நிலையில் உங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை என்றால், உரிமையாளர் வீட்டைத் தரத் தயாராக இருக்கிறார். போய்ச் சேர முடியாதது உங்கள் பக்கத்து இடர். அதற்குத்தான் பயணக் காப்பீடு. மாறாக, 2020 ஊரடங்கில் தங்குவதையே சட்டம் தடுத்தது. தர வேண்டியதை உரிமையாளரால் தர முடியவில்லை. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தலையிட்டதும் பெரிய ஏஜென்சிகள் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. தர முடியாதது யார் என்ற கேள்விதான் இரண்டையும் பிரிக்கிறது.

பதிவு செய்யும் முன் வரைபடத்தில் பார்க்க வேண்டியது

இந்தப் பள்ளத்தாக்குகள் நடு மலையிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்து போகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போக வழி குறைவு. கிராஸ்மியரிலிருந்து வாஸ்டேல் ஹெட் பறவைப் பாதையில் சுமார் 15 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். குறுக்கு வழி ஹார்ட்நாட் கணவாய். மூன்றடி நகர்ந்தால் ஓரடி ஏறும் அளவுக்குச் செங்குத்து, ஒரு வண்டி போகும் அகலம். எதிரே ஒரு வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே இறங்க வேண்டும். பனி உறைந்த நாளில் அந்தப் பக்கமே போகக்கூடாது. கார் இல்லாமல் வருகிறவர்கள் விண்டர்மியர் ரயில் நிலையத்தையோ, கெசிக் வரை போகும் 555 பஸ் பாதையையோ ஒட்டிய வீடாகப் பார்ப்பது நல்லது. கெசிக்குக்கு ரயில் 1972இலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்குள் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எரிவாயு இருந்தால் அந்த ஆண்டின் பரிசோதனைச் சான்று உண்டா? விறகடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் எல்லா அளவு வீடுகளுக்கும் கட்டாயம்; கேட்டால் தயங்காமல் காட்டுகிறவர் ஒழுங்கானவர். ஒதுக்குப்புறப் பண்ணை வீடென்றால் குடிநீர் ஓடையிலிருந்து வடிகட்டி வருவதாகவும், கழிவு பின்புறத்துத் தொட்டிக்குப் போவதாகவும் இருக்கலாம். ஈரத்துணித் தாள் ஒன்றைக் கழிப்பறையில் போட்டதால் ஞாயிற்றுக்கிழமை குழாய் அடைத்துக்கொண்ட கதை, சமையலறை மேசையில் கிடக்கும் குறிப்புக் கோப்பின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் எச்சரிக்கையாக நிற்கும்.

பதிவேடு

இங்கிலாந்தில் குறுகியகாலத் தங்கல் வீடுகள் மொத்தம் எத்தனை என்று சொல்ல அரசிடம் ஒரு பட்டியல் இருந்ததில்லை. ஏஜென்சிகளின் பட்டியல் ஒன்று, இணையத் தளங்களின் பட்டியல் ஒன்று, வரிப் பதிவேடு ஒன்று. ஒரே வீடு மூன்றிலும் இருக்கும், சில வீடுகள் எதிலும் இருக்காது. ஸ்காட்லாந்து 2022இல் உரிம முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2023ஆம் ஆண்டின் லெவலிங் அப் (வட்டார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும்) சட்டத்தில் பதிவேட்டுக்கான அதிகாரத்தை மட்டும் எடுத்துவைத்தது. லண்டனில் தனி அனுமதியின்றி வருடத்துக்கு 90 இரவுதான் விடலாம் என்று உள்ள உச்சவரம்பு கம்பிரியாவுக்குக் கிடையாது. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

உரிமமும் பதிவும் ஒன்றல்ல. உரிமம் மறுக்கப்படலாம், பதிவு பெயர் கொடுப்பதோடு சரி. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் வந்துவிட்டால், எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு, எது எத்தனை இரவு போகிறது என்பதைக் கவுன்சில் எண்ண முடியும். 70 இரவு போனதாக எழுதிக்கொடுத்தவர் உண்மையில் எத்தனை இரவு சாவிப் பெட்டியைத் திறந்தார் என்பதையும் சரிபார்க்க முடியும்.